ஜெஜூ: காற்றும் கல்லும் பெண்களும் நிறைந்த தீவு

உலகத்திலேயே மிக அதிகமான ஜனங்கள் விமானத்தில் போய் வரும் வழி எது தெரியுமா?

லண்டன் – நியூயார்க் என்று சிலர் சொல்லலாம். மும்பை – டெல்லி என்று சிலர் சொல்லலாம். இரண்டும் அல்ல.

தென் கொரியாவின் தலைநகரம் சியோல். அந்த நாட்டின் தெற்குக் கரையைத் தாண்டி, கடலுக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் ஜெஜூ. சியோலுக்கும் ஜெஜூவுக்கும் இடையே உள்ள வான்வழியில்தான் உலகத்திலேயே அதிகக் கூட்டம். பயண நேரம் ஒரு மணிதான். காலை முதல் இரவு வரை, சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்.

2024-ம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தீவுக்கு வந்தார்கள். தீவில் குடியிருப்பவர்களோ 7 லட்சத்துக்கும் குறைவு. அதாவது, வீட்டுக்காரர் ஒருவருக்கு விருந்தாளிகள் ஏறத்தாழ இருபது பேர்!

கொரிய நாடகங்களைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை அங்கே போய் வர வேண்டும்" என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பப் போகும் பெற்றோருக்காகவும் இந்தத் தீவைப் பற்றிச் சில செய்திகள்.

எரிமலை பெற்ற பிள்ளை

ஜெஜூ தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 73 கிலோமீட்டர் நீளம். வடக்கு தெற்காகச் சுமார் 31 கிலோமீட்டர் அகலம். காரில் ஏறினால் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம்.

தீவின் நடுவே ஹல்லா என்ற மலை நிற்கிறது. அதன் உயரம் 1,947 மீட்டர். தென் கொரியாவில் இதைவிட உயர்ந்த மலை கிடையாது. இது ஒரு எரிமலை. எரிமலை கக்கிய குழம்பு ஆறிக் கெட்டியாகித்தான் இந்தத் தீவே உண்டாயிற்று. கடைசியாக அது சீறியது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. இப்போது அதன் வாயில் ஒரு சிறு ஏரி இருக்கிறது.

பெரிய மலையைச் சுற்றிக் குட்டி எரிமலைகள் 360-க்கு மேல் இருக்கின்றன. கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போல அவை பச்சைப் பசேலென்று தோன்றும். ஊர்க்காரர்கள் அவற்றை "ஓரும்" என்கிறார்கள். பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பு ஓடிய பாதைகள் இன்று பெரிய குகைகளாக இருக்கின்றன. ஹல்லா மலை, இந்தக் குகைகள், கிழக்குக் கடலோரத்தில் கோட்டை போல எழும்பி நிற்கும் சொங்சான் சிகரம் ஆகியவற்றை யுனெஸ்கோ 2007-ம் ஆண்டில் உலக இயற்கைச் செல்வம் என்று அறிவித்தது.

மூன்று உண்டு; மூன்று இல்லை!

ஜெஜூ மக்கள் தங்கள் தீவைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்லிக்கொள்வார்கள். "எங்கள் ஊரில் மூன்று அதிகம். காற்று, கல், பெண்கள்" என்பார்கள்.

காற்றுக்குக் காரணம் சுற்றிலும் உள்ள கடல். கல்லுக்குக் காரணம் எரிமலை. எங்கே தோண்டினாலும் கறுப்புக் கல். அந்தக் கல்லைப் பொறுக்கி எடுத்து வயலைச் சுற்றி அடுக்கிச் சுவராக்கினார்கள். சுண்ணாம்பு பூசுவதில்லை. சந்து சந்தாக இடைவெளி இருக்கும். காற்று அதன் வழியே புகுந்து போய்விடுவதால் சுவர் சாய்வதில்லை.

பெண்கள் அதிகம் என்பதற்குக் காரணம் சோகமானது. மீன் பிடிக்கக் கடலுக்குப் போன ஆண்கள் பலர் திரும்பி வருவதில்லை. வயலிலும் கடலிலும் பாடுபட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் பெண்களே.

"எங்கள் ஊரில் மூன்று கிடையாது. திருடன், பிச்சைக்காரன், வாசற்கதவு" என்றும் சொல்வார்கள்.

கதவுக்குப் பதிலாக வாசலில் இரண்டு கல் தூண்கள் இருக்கும். அவற்றில் துளை போட்டு மூன்று கழிகளைச் செருகுவார்கள். ஒரு கழி குறுக்கே இருந்தால், "பக்கத்தில்தான் போயிருக்கிறேன், இதோ வந்துவிடுவேன்" என்று பொருள். இரண்டு இருந்தால், வரச் சற்று நேரமாகும். மூன்றும் இருந்தால், தூரப் பயணம். மூன்றும் கீழே இறக்கியிருந்தால், வீட்டில் ஆள் இருக்கிறார்கள், உள்ளே வரலாம்!

இப்படி வாசலைத் திறந்து வைத்த தீவுக்கு, வெளியிலிருந்து வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஜெஜூவின் சரித்திரமே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

குதிரை லாயம், பிறகு சிறைச்சாலை

ஒரு காலத்தில் இது தம்னா என்ற தனி நாடு. 1105-ம் ஆண்டில் கொரிய அரசு இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 13-ம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்தார்கள். புல்வெளியைப் பார்த்தார்கள். தீவைக் குதிரை வளர்க்கும் லாயமாக ஆக்கிக்கொண்டார்கள். ஜெஜூ குதிரை இன்றும் பெயர் பெற்றது.

அதற்குப் பின் ஆண்ட கொரிய மன்னர்கள், தங்களுக்குப் பிடிக்காத மந்திரிகளையும் பண்டிதர்களையும் இங்கே நாடு கடத்தினார்கள். தீவு ஒரு சிறைச்சாலை ஆயிற்று. வரியும் வேலையும் தாங்காமல் தீவு மக்கள் ஓடிப்போகத் தொடங்கியபோது, 1629-ம் ஆண்டில் ஒரு கட்டளை வந்தது. தீவை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது! இந்தத் தடை ஏறத்தாழ 200 ஆண்டுகள் நீடித்தது.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் கிம் மான்தொக் என்ற பெண்மணி. வியாபாரம் செய்து பெரும் பொருள் சேர்த்தவர். 1790-களில் தீவில் கொடிய பஞ்சம் வந்தது. மான்தொக் தம் சொத்தைக் கொடுத்து வெளியூரிலிருந்து அரிசி வாங்கி வந்து ஏழைகளுக்குப் போட்டார். மன்னருக்கு இது தெரிந்தது.

"என்ன பரிசு வேண்டும்?" என்று மன்னர் கேட்டனுப்பினார்.

அவர் பொன் கேட்கவில்லை. பட்டம் கேட்கவில்லை. தலைநகரத்தையும் கும்காங் மலையையும் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டார். அந்த ஆசை நிறைவேறியது.

இன்று உலகமே ஜெஜூவைப் பார்க்க ஓடுகிறது. அன்று ஜெஜூவில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, வெளி உலகத்தைப் பார்ப்பதே மிகப் பெரிய பரிசாக இருந்தது!

கடலில் மூழ்கும் பாட்டிகள்

ஜெஜூவுக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியவர்கள் "ஹேன்யோ" என்ற பெண்கள். கடற்பெண்கள் என்று பொருள்.

கடலில் மூழ்கிச் சிப்பி, நத்தை, கடற்பாசி ஆகியவற்றை எடுப்பது இவர்கள் தொழில். முதுகில் காற்றுக் குழாய் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டே மூழ்குகிறார்கள். ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம்கூட நீருக்குள் இருப்பார்கள். பத்து மீட்டர் ஆழம் வரை போவார்கள். மேலே வந்ததும் அடக்கிய மூச்சை விடுவார்கள். அது விசில் அடிப்பது போல ஒலிக்கும். கரையில் நின்றால் அந்த ஒலி காதில் விழும்.

இவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. கெட்டிக்காரர், நடுத்தரம், புதியவர் என்று மூன்று படிகள் உண்டு. மூத்தவர் சொல்லே சட்டம். குஞ்சுச் சிப்பியை எடுக்கக்கூடாது. முட்டையிடும் காலத்தில் கடலில் இறங்கக்கூடாது. "கடல் நம் வயல், விதை நெல்லைத் தின்னலாமா?" என்ற நினைப்பு.

இவர்கள் பயந்தவர்கள் அல்ல. கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த காலத்தில், 1932-ம் ஆண்டு ஜனவரியில், தங்கள் உழைப்புக்கு நியாய விலை கேட்டு ஆயிரக்கணக்கான ஹேன்யோக்கள் கூடிக் கிளர்ச்சி செய்தார்கள்.

2016-ம் ஆண்டில் யுனெஸ்கோ இவர்கள் கலாசாரத்துக்குச் சிறப்புச் செய்தது. ஆனால் தொழில் அழிந்து வருகிறது. 1970-ல் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். இப்போது 3,000 பேர்கூட இல்லை. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். எண்பது வயதுப் பாட்டியும் கடலில் இறங்குகிறார். பேத்தியோ சியோலில் உத்தியோகம் பார்க்கிறாள். கடலும் சூடாகிறது, பாறைகளில் பாசி குறைந்துகொண்டு வருகிறது.

1948-ம் ஆண்டு நடந்த கொடுமை

இனிச் சொல்லப் போவது, பயணக் கம்பெனிகளின் வண்ணப் புத்தகங்களில் அவ்வளவாக வராத விஷயம்.

1945-ல் ஜப்பான் தோற்றது. கொரியா விடுதலை பெற்றது. ஆனால் நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கே ரஷ்யப் படை. தெற்கே அமெரிக்கப் படை. தெற்குப் பகுதிக்கு மட்டும் தனியாகத் தேர்தல் நடத்த ஏற்பாடு நடந்தது. அப்படிச் செய்தால் நாடு நிரந்தரமாகப் பிரிந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். ஜெஜூவில் அந்தப் பயம் அதிகம்.

1947-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஜெஜூ நகரில் பெரிய கூட்டம். போலீஸ்காரர் ஏறி வந்த குதிரை ஒரு குழந்தையை இடித்துத் தள்ளியது. குதிரை நிற்காமல் போயிற்று. கூட்டத்தினர் கல் வீசினார்கள். போலீஸ் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். தீவு முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. ஓராண்டுக்குள் சுமார் 2,500 பேர் கைது செய்யப்பட்டார்கள். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட போலீசாரும் முரட்டு இளைஞர் படையும் ஊர் ஊராகப் புகுந்து அடித்தார்கள்.

1948 ஏப்ரல் 3-ந் தேதி அதிகாலை, இடதுசாரிக் கட்சியைச் சேர்ந்த சுமார் 350 பேர் ஆயுதம் ஏந்தி 12 போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். பிறகு மலைக்குள் மறைந்தார்கள்.

அவர்களைப் பிடிக்க வந்த படை, மலையையும் மக்களையும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஓர் உத்தரவு வந்தது. கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் யார் காணப்பட்டாலும் கலகக்காரர் என்றே கருதப்படுவார்! ஆனால் மலைச்சரிவில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. அந்த ஊர்கள் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. வீடிழந்தவர்கள் பனிக் காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குகைகளில் ஒளிந்தார்கள்.

புக்சோன் என்ற கடலோரக் கிராமத்தின் அருகே இரண்டு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1949 ஜனவரி 17-ந் தேதி படை வந்து ஊரைப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டியது. சுமார் 300 பேர் கொல்லப்பட்டார்கள்.

மலைப் பகுதிக்குப் போட்ட தடை 1954 செப்டம்பரில்தான் நீங்கியது. அதற்குள் இறந்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை இருக்கும் என்று அரசாங்க விசாரணையே மதிப்பிட்டது. அன்று தீவின் மக்கள்தொகை சுமார் 3 லட்சம். பத்துப் பேரில் ஒருவர்! கலகக்காரர்களும் கொலை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது அரசாங்கப் படையே. பெயர் பதிவான இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், முதியவர்கள், குழந்தைகள்.

வாய்ப்பூட்டு

இதைவிடக் கொடுமை அதற்குப் பின் வந்த மௌனம்.

இறந்தவர்களுக்காக அழுவதுகூடக் குற்றம் ஆயிற்று. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் சர்க்கார் உத்தியோகம் கிடையாது; வெளிநாடு போக அனுமதி கிடையாது. பெற்றோரே பிள்ளைகளிடம், "உன் தாத்தா நோயில் இறந்தார்" என்று சொல்லி வளர்த்தார்கள். ஆனால் ஒன்றை மறைக்க முடியவில்லை. புக்சோன் போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு திதி ஒரே இரவில் வந்தது!

1950-ம் ஆண்டு ஆகஸ்டில், கொரிய யுத்தம் தொடங்கிய சமயம், தீவின் தென்மேற்கில் பலரைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் எலும்புகளை எடுக்க அனுமதி கிடைத்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. 132 பேருக்கு ஒரே இடத்தில் கல்லறைகள் கட்டி, "நூறு மூதாதையர், ஒரே பிள்ளை" என்று பெயர் வைத்தார்கள். எல்லாக் குடும்பங்களும் எல்லாருக்கும் பிள்ளை என்று கருத்து. ஒரு நினைவுக் கல்லும் நட்டார்கள். 1961-ல் ராணுவ ஆட்சி வந்ததும் போலீசார் அந்தக் கல்லை உடைத்தார்கள்.

1978-ல் ஹியொன் கி யொங் என்ற எழுத்தாளர், புக்சோன் படுகொலையை வைத்து ஒரு கதை எழுதினார். அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். கதைப் புத்தகத்துக்குத் தடை விழுந்தது.

அதே காலத்தில்தான், தேனிலவுக்கு ஏற்ற தீவு என்று ஜெஜூ நாடெங்கும் பெயர் வாங்கியது. புது மணத் தம்பதிகள் பூந்தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தோட்டக்காரர் ஒன்றும் பேசவில்லை.

பேச்சு திரும்பியது

1987-க்குப் பின் கொரியாவில் ஜனநாயகம் வந்தது. அதற்குப் பிறகே வாய்கள் திறந்தன. 1992-ல் ஒரு குகையில் 11 பேரின் எலும்புகள் அகப்பட்டன. அவர்களில் பெண்களும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். சட்டிப் பானைகளும் அப்படியே கிடந்தன. கலகக்காரர்கள் சமையல் பாத்திரத்தோடும் குழந்தையோடுமா போருக்குப் போவார்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

2000-ம் ஆண்டில் உண்மையைக் கண்டறியத் தனிச் சட்டம் வந்தது. 2003 அக்டோபர் 31-ந் தேதி ஜனாதிபதி ரோ மூ ஹியுன் ஜெஜூவுக்கே வந்து, அரசாங்கம் செய்த தவறுக்காக மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 55 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மன்னிப்பு! 2022 முதல், இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து வருகிறார்கள். பொய்க் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளப்பட்டவர்களின் வழக்குகளைக் கோர்ட்டுகள் மறுபடியும் விசாரித்து விடுதலைத் தீர்ப்புச் சொல்கின்றன.

2024-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஹான் காங், இந்தத் துயரத்தை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 2025 ஏப்ரலில், இச்சம்பவம் பற்றிய ஆவணங்களை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் போய் இறங்கும் ஜெஜூ விமான நிலையம் அந்தக் காலத்தில் ராணுவ விமானத் தளம். அங்கே பலரைச் சுட்டுப் புதைத்தார்கள். 2007 முதல் 2009 வரை ஓடுபாதை ஓரமாகத் தோண்டியதில் 380-க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. உறவினரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, யார் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது.

சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் கூடும் சொங்சான் சிகரத்தின் அடியில் உள்ள கடற்கரையும் கொலைக்களமாக இருந்த இடமே. நேராகக் கடலில் விழும் அழகான ஜொங்பாங் அருவியும் அப்படியே. அழகும் துயரமும் அங்கே வேறு வேறு இடத்தில் இல்லை.

எழுத்து இல்லாத கல்

ஜெஜூ நகருக்கு வெளியே, மலைச்சரிவில் ஏப்ரல் 3 அமைதிப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள காட்சிசாலை 2008-ல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால் ஒரு பெரிய வெள்ளைக் கல் படுத்துக் கிடக்கும். அதன் மேல் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஏன் இல்லை? அதற்கு என்ன பெயர் பொறிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. கலகம் என்கிறார்கள் சிலர். புரட்சி என்கிறார்கள் சிலர். படுகொலை என்கிறார்கள் சிலர். "சம்பவம்" என்று பொதுவாகச் சொல்கிறது சட்டம். சரியான பெயர் கிடைக்கும் நாளில் எழுத்தைப் பொறித்துக் கல்லை நிமிர்த்தி நடுவார்களாம்.

பொய்யான பெயரை அவசரமாக வெட்டி வைப்பதை விட, காத்திருப்பது மேல் என்று இந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள். அது பெரிய மனசு.

இன்றைய சச்சரவுகள்

பழைய கதை முடிந்தது. இனி நிம்மதிதானே என்று கேட்கலாம். அப்படி இல்லை.

2005-ம் ஆண்டில் கொரிய அரசாங்கம் ஜெஜூவை "உலக அமைதித் தீவு" என்று அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், தெற்குக் கரையில் காங்ஜொங் என்ற கிராமத்தில் கடற்படைத் தளம் கட்டப் போவதாக அறிவித்தது. கிராமத்தார் பலர் எதிர்த்தார்கள். கடலோரத்தில் ஒரே கல்லாகப் பரந்து கிடந்த பாறையை 2012-ல் வெடி வைத்துப் பிளந்தார்கள். வழியில் படுத்து மறித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 2016-ல் தளம் திறக்கப்பட்டது. நாட்டின் பாதுகாப்புக்கும் கப்பல் வழிக்கும் இது தேவை என்கிறது அரசாங்கம். "சீனாவும் அமெரிக்காவும் மோதிக்கொண்டால் முதல் அடி எங்கள் தலையில்தானே விழும்?" என்று கேட்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

இரண்டாவது சச்சரவு விமான நிலையம் பற்றியது. இப்போதுள்ளதில் இடம் போதவில்லை. ஆகவே சொங்சான் பக்கம் இன்னொன்று கட்டுவோம் என்று 2015-ல் அரசாங்கம் சொன்னது. 2024 செப்டம்பரில் அடிப்படைத் திட்டத்தை வெளியிட்டது. நெரிசலில் விபத்து வரும், தொழில் பெருகும் என்பது ஒரு கட்சி. நிலம் போகும், பறவைகள் போகும், குப்பை பெருகும், குடிநீர் வற்றும் என்பது மறு கட்சி. 2021-ல் கருத்துக் கேட்டபோது தீவு முழுவதிலுமாக வேண்டாம் என்றவர்கள் அதிகம்; சொங்சான் வட்டாரத்திலோ வேண்டும் என்றவர்கள் அதிகம்! ஆகவே இதில் நல்லவர் ஒரு பக்கம், கெட்டவர் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது.

தண்ணீர்ப் பயம் வீண் பயம் அல்ல. ஜெஜூவின் கல் துளை நிறைந்த கல். மழை பெய்தால் பூமிக்குள் இறங்கிவிடும். ஆற்றில் எப்போதும் நீர் ஓடுவதில்லை. முன்பெல்லாம் பெண்கள் கடலோர ஊற்றிலிருந்து மண்குடத்தில் எடுத்து முதுகில் சுமந்து வந்தார்கள். இன்று தீவு முழுவதும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. ஓட்டல்களும் கோல்ப் மைதானங்களும் அதே நீரைத்தான் உறிஞ்சுகின்றன.

மங்கோலியருக்குக் குதிரை லாயம் தேவைப்பட்டது. மன்னருக்குச் சிறைச்சாலை தேவைப்பட்டது. 1948-ல் வந்த படைக்குப் போர்க்களம் தேவைப்பட்டது. இன்று உலகத்துக்கு ஓர் உல்லாசத் தீவு தேவைப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் தேவை வெளியாருடையது. "எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்டீர்களா?" என்பதே தீவு மக்களின் பழைய கேள்வி, புதிய கேள்வியும் அதுதான்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வெளிநாட்டிலிருந்து நேராக ஜெஜூவில் இறங்கும் பல நாட்டாருக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று விதி இருக்கிறது. ஆனால் அது தீவுக்குள் மட்டும் செல்லும். அங்கிருந்து சியோல் போக வேண்டுமானால் விசா வேண்டும். விதிகள் மாறக்கூடும். பணம் கட்டுவதற்கு முன் கொரியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வசந்த காலத்தில் மஞ்சள் பூ வயல்கள் கண்ணைப் பறிக்கும். குளிர் காலத்தில் சிவப்புக் கமீலியாப் பூ பனியில் உதிர்ந்து கிடக்கும். அந்தப் பூவே இறந்தவர்களின் நினைவுச் சின்னம். ஏப்ரல் மாதத்தில் பலர் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போவார்கள். கோடையின் பிற்பகுதியில் புயல் வருவதுண்டு.

தீவை நடந்து பார்ப்பது நல்லது. 2007 முதல் "ஓல்லே" என்ற நடைபாதைகளை ஏற்படுத்தியிருக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் சந்துக்குத்தான் அந்தப் பெயர். கடலோரமாகவும் வயல் வழியாகவும் 430 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். வழியில் கிராமத்துக் கடையில் சாப்பிடலாம். காசு ஊருக்குள்ளேயே தங்கும். ஹல்லா மலை உச்சிக்கு ஏற முன்பதிவு வேண்டும்.

மீனும் கறுப்புப் பன்றி இறைச்சியும் அங்கே பிரசித்தம். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முன்னேற்பாட்டோடு போக வேண்டும். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலந்திருப்பதுண்டு. ஆனால் ஆரஞ்சுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு காலத்தில் சில ஆரஞ்சு மரங்கள் இருந்தால் ஒரு பிள்ளையைக் காலேஜில் படிக்க வைக்கலாம் என்பார்கள். அந்த மரங்களுக்கும் ஒரு கதை உண்டு. பிழைப்பு தேடியும் உயிருக்குப் பயந்தும் ஜப்பானுக்குப் போன ஜெஜூ மக்கள், ஊர் ஞாபகத்தில் 1960-களில் ஆயிரக்கணக்கான கன்றுகளை அனுப்பி வைத்தார்கள்.

ஹேன்யோப் பாட்டிகளைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். அவர்கள் வேடிக்கை காட்டுகிறவர்கள் அல்ல, வேலை செய்கிறவர்கள். குளிக்கும் நீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். ஒரு நாளில் பாதியை அமைதிப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அங்கே பயங்கரத்தை மட்டும் காட்டுவதில்லை. பயந்து கிடந்த ஜனங்கள் பழிக்குப் பழி வாங்காமல், உண்மையை மட்டும் கேட்டு, ஐம்பது ஆண்டு காத்திருந்து அதைப் பெற்றதையும் காட்டுகிறார்கள்.

ஏதாவது ஒரு பழைய கிராமத்து வீட்டு வாசலில் அந்த மூன்று கழிகளைப் பார்ப்பீர்கள். மூன்றும் இறக்கியிருந்தால் உள்ளே வரலாம் என்று அர்த்தம். இத்தனை நடந்த பிறகும் ஜெஜூ மக்கள் கழியை இறக்கித்தான் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் விருந்தாளியாகப் போய், விருந்தாளியாகவே திரும்பி வர வேண்டும்.